பாடினால் மயங்குமா பாம்பு?

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே, ஏலாக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. திருக்காவலூர் என்ற பெயரும் அதற்கு உண்டு.

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த ஊரில் ஓர் இத்தாலிக்காரர் உட்கார்ந்து தமிழ்ச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டார். எழுதினார். அடுக்கினார். 1732ஆம் ஆண்டு "சதுரகராதி" உருவானது.

அவர் பெயர் கான்ஸ்டன்டைன் பெஸ்கி. தமிழர்கள் அவருக்கு வைத்த பெயர் வீரமாமுனிவர்.

1680ஆம் ஆண்டு, இத்தாலியில் மாந்துவா நகருக்குப் பக்கத்தில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். 1710ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. தமிழையும் இலத்தீனையும் இணைத்து அகராதி எழுதினார். தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார்.

அப்படிப்பட்டவர் வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு, அவருடைய தாய்மொழிச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தானே?

அந்தச் சொல், "இங்காந்தோ".

இதற்கு மந்திரம், மயக்கம், வசியம் என்றெல்லாம் பொருள். இத்தாலிக்காரர்கள் இதை இன்றைக்கும் தினசரி சொல்கிறார்கள். அழகான குழந்தையைப் பார்த்தால், "இங்காந்தோ!" என்பார்கள். நம்மூரில் "சொக்க வைக்குது" என்று சொல்வது போல. பாம்பாட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் "பாம்புகளை இங்காந்தோ செய்கிறவன்". கிராமபோன் தட்டு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு, பாடியதையே திரும்பத் திரும்பப் பாடினாலும், தட்டுக்கு இங்காந்தோ பிடித்துவிட்டது என்பார்கள்!

மந்திரம் போட்டால் மனிதன் அப்படியே நின்றுவிடுவான் அல்லவா? தட்டும் நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

பாட்டே மந்திரம்

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது?

இத்தாலி மொழிக்குத் தாய், இலத்தீன். இலத்தீனில் "காந்தாரே" என்றால் பாடுதல். அதற்கு முன்னால் "இன்" என்று ஓர் ஒட்டு சேர்ந்தது. "இங்காந்தாரே" ஆயிற்று. ஒருவர் மீது பாடுதல் என்று பொருள். ஒருவரைக் குறிவைத்து, அவர் மீது பாட்டை ஏவிவிடுவது.

இதுவே பிரெஞ்சு மொழிக்குப் போனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் "என்சான்ட்" ஆனது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலத்தீனில் "கார்மென்" என்றால் பாட்டு. கவிதைக்கும் அதே சொல். மந்திரத்துக்கும் அதே சொல்! கவிஞன் பாடுவதும் கார்மென், மந்திரவாதி முணுமுணுப்பதும் கார்மென். ஆங்கிலத்தில் ஒருவரை "சார்ம்" உள்ளவர் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்குப் பாட்டி, இந்தக் கார்மென்தான்.

இத்தாலியில் "இங்காந்தோ" என்ற அதே ஒலியில் மற்றொரு சொல்லும் இருக்கிறது. அதற்குப் பொருள், ஏலம்! ஆனால் அது வேறு பிறப்பு. "எவ்வளவுக்கு?" என்று கேட்கும் இலத்தீன் சொற்களில் இருந்து வந்தது. ஏலம் போடுகிறவரும் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று ராகம் போட்டுத்தான் கூவுகிறார். அந்தக் கூவலில் மயங்கி, தேவை இல்லாத அண்டாவை வாங்கி வந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறப்பு வேறாக இருந்தாலும் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது!

தமிழில் என்ன?

இலத்தீன்காரர்களுக்கு மந்திரம் என்றால் பாட்டு. தமிழர்களுக்கு?

"மந்திரம்" என்பது வடசொல். எண்ணுதல் என்ற பொருளுள்ள வேரில் இருந்து வந்தது. எண்ணத்துக்கான கருவி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் தமிழுக்கு வந்தது நேற்று அல்ல. தொல்காப்பியத்திலேயே மந்திரம் வருகிறது. நிறைந்த சொல்லுடைய பெரியோர் ஆணையிட்டுச் சொல்லும் மறைவான சொல்லே மந்திரம் என்பது தொல்காப்பியர் தரும் விளக்கம்.

கவனியுங்கள். யார் வேண்டுமானாலும் சொன்னால் மந்திரம் ஆகிவிடும் என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. சொல்கிறவர் நிறைமொழி மாந்தராக இருக்க வேண்டும். காசுக்குத் தாயத்து விற்கிறவர் இந்தக் கணக்கில் வருவாரா என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

"வசியம்" என்பதும் வடசொல். பிறருக்கு அடங்கி நடப்பது என்று பொருள். "சொக்கு" என்பது அழகில் மயங்குவது. மதுரையில் சொக்கநாதர் என்று பெயர் வந்தது அழகால்தான். அழகுக்கு இருந்த சொல்லைப் பொடி ஆக்கி, "சொக்குப்பொடி" என்று விற்றது யார் வேலையோ!

எல்லாவற்றிலும் நல்ல சொல், "சூனியம்". ஊரையே நடுங்க வைக்கும் சொல் இது. "சூனியம் வைத்துவிட்டார்கள்" என்று கேட்டால் போதும், பாதிப் பேருக்குச் சோறு இறங்காது.

சூனியம் என்றால் என்ன? வெறுமை! ஒன்றும் இல்லாதது! கணக்கில் வரும் பூஜ்யத்துக்கும் அதுதான் பெயர். இருநூறு ரூபாயோ இருபதாயிரம் ரூபாயோ கொடுத்து "சூனியம் எடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால், ஒன்றும் இல்லாததை எடுக்கக் காசு கொடுத்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

பாட்டால் ஆளைக் கொல்ல முடியும் என்ற நம்பிக்கையும் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. அதற்கு "அறம் பாடுதல்" என்று பெயர். தெள்ளாற்றில் வென்ற பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் மீது 9ஆம் நூற்றாண்டில் "நந்திக்கலம்பகம்" என்ற நூல் பாடப்பட்டது. அந்தப் பாட்டின் சுவையில் மயங்கி, கேட்டு முடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தும், மன்னன் கேட்டு உயிர் விட்டான் என்பது கதை. கதைதான். ஆனால் அந்தக் கதையை உண்டாக்கியவர்களுக்கு, தமிழ்ப் பாட்டின் மீது எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

அதே கலம்பகம் என்ற வகையில், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா மீது "திருக்காவலூர்க் கலம்பகம்" பாடினார் வீரமாமுனிவர். அதைக் கேட்டு யாரும் இறந்ததாகக் கதை இல்லை!

பயிரைப் பாடித் திருடினானா?

பழைய உரோமாபுரியில் மந்திரப் பாட்டுக்குச் சட்டமே பயந்தது.

கி.மு. 450 வாக்கில் உரோமானியர்கள் தங்கள் சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதி வைத்தார்கள். அதில், பிறர் மீது கெட்ட பாட்டுப் பாடுவது குற்றம் என்று இருந்தது. பிறர் வயலில் விளைந்த பயிரைப் பாட்டுப் பாடி இழுத்துக்கொள்வதும் குற்றம்! பயிரைப் பாடி இழுக்க முடியும் என்று சட்டம் செய்தவர்களே நம்பினார்கள்.

இந்தக் குற்றச்சாட்டில் ஒரு விவசாயி மாட்டிக்கொண்டார். அவர் பெயர் கிரேசிமுஸ். கி.பி. 79ஆம் ஆண்டு, வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி என்ற அறிஞர், தம் நூலில் இந்த வழக்கை எழுதி வைத்திருக்கிறார்.

கிரேசிமுஸ் முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவருக்கு இருந்தது சின்ன நிலம். ஆனால் விளைச்சலோ ஏராளம்! பக்கத்தில் பெரிய பெரிய நிலம் வைத்திருந்தவர்களுக்குக்கூட அவ்வளவு விளையவில்லை.

அக்கம்பக்கத்தாருக்கு வயிறு எரிந்தது. "இவன் ஏதோ செய்வினை செய்து நம் பயிரை இழுத்துக்கொள்கிறான்" என்றார்கள். வழக்கு வந்தது. ஊர் மன்றத்தில் மக்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிரேசிமுசுக்குப் பயம் பிடித்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா?

தம்முடைய கலப்பை, கொழு, கனத்த மண்வெட்டி அத்தனையையும் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு வந்தார். எல்லாம் நல்ல இரும்பில் நன்றாக அடித்தவை. நன்றாகத் தின்று கொழுத்த உழவு மாடுகளையும் ஓட்டி வந்தார். வயிறார உண்டு, நல்ல துணி உடுத்திய, கட்டான உடம்புள்ள தம் வேலையாட்களையும் அழைத்து வந்தார்.

எல்லாவற்றையும் மக்கள் முன் நிறுத்தி, இவைதாம் தம் மந்திரங்கள் என்று காட்டினார். இன்னும் கொஞ்சம் மந்திரம் பாக்கி இருக்கிறது, அதை மன்றத்துக்குக் கொண்டுவர முடியவில்லை என்றார். அவை என்ன? இரவில் கண் விழித்தது, விடியும் முன் எழுந்தது, சிந்திய வியர்வை!

மக்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் அவரை விடுதலை செய்தார்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்களுக்கு இந்த வழக்கு நன்றாகப் புரியும். ஒரே வானம், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்து நிலம். ஒருவருக்கு விளைகிறது, ஒருவருக்கு அழுகிப் போகிறது. அழுகிப் போனவர் விதையைப் பார்ப்பது இல்லை. மண்ணைப் பார்ப்பது இல்லை. தண்ணீர் தேங்கியதைப் பார்ப்பது இல்லை. "பங்காளி ஏதோ செய்துவிட்டான்" என்று குறி கேட்கப் போகிறார். போனது வெங்காயம் மட்டும் அல்ல. அண்ணன் தம்பி உறவும் அன்றோடு போகிறது. குறி சொல்கிறவருக்கு அதனால் என்ன நஷ்டம்? இரண்டு பேரும் அவரிடமே வருவார்கள்!

சிறுவாச்சூரில் நடந்த கதை

மந்திரவாதியைப் பற்றிப் பெரம்பலூர் மண்ணுக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி போகும் சாலையில் உள்ள சிறுவாச்சூரில், மதுரகாளியம்மன் கோவில் இருக்கிறது. வாரத்தில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையுமே நடை திறக்கும் கோவில்.

முன்பு அங்கே குடியிருந்தவள் செல்லியம்மன் என்பது தல வரலாறு. ஒரு மந்திரவாதி தன் மந்திர சக்தியால் அந்தச் செல்லியம்மனையே கட்டிப்போட்டுவிட்டான். தான் சொன்னதை எல்லாம் செய்ய வைத்தான். தெய்வத்துக்கே அந்தக் கதி!

அப்போது மதுரையில் இருந்து வந்த காளி, ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். செல்லியம்மன் தன் துயரத்தைச் சொன்னாள். இரவில் மந்திரவாதி வந்தான். காளி அவனை அழித்தாள். செல்லியம்மன் அந்த இடத்தைக் காளிக்கே விட்டுக் கொடுத்து, பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள்.

பக்தர்கள் இதை எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இந்தக் கதையில் மந்திரவாதிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். அவன் பெரியவன் என்று யாரும் கும்பிடவில்லை. அவன் கதையை முடித்த காளியைத்தான் ஊர் கும்பிடுகிறது. திங்களும் வெள்ளியும் அங்கே கூடும் கூட்டத்தில், வீடு திரும்பும் வழியில் வசிய மை தேடுகிறவர் யாராவது இருந்தால், அவர் கதையைச் சரியாகக் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

குருவும் சீடரும் கொடுத்த காசு

வீரமாமுனிவர் எழுதிய நூல்களில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்தது "பரமார்த்த குரு கதை". அதிலும் ஒரு மந்திரக்காரர் வருகிறார்.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரை ஏறியதும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆள் குறைகிறது! அடுத்தவன் எண்ணுகிறான். அவனும் தன்னை விட்டுவிடுகிறான். "ஐயோ, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதே!" என்று கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள்.

அந்த வழியாக ஒருவன் வந்தான். பார்த்தான். விஷயம் புரிந்தது. தனக்கு மாய வித்தை தெரியும் என்றான். காசு கொடுத்தால் போனவனை வரவழைப்பதாகச் சொன்னான். குரு இருந்த காசைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். வந்தவன் கையில் இருந்த தடியால் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி போட்டு, "பேரைச் சொல், எண்ணிக்கையைச் சொல்" என்றான். அடி விழ விழ எண்ணினார்கள். ஆறு பேரும் சரியாக இருந்தார்கள்! ஆளையும் வாங்கிக்கொண்டு, அடியையும் வாங்கிக்கொண்டு, காசையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கதையை எழுதியவர் பிறந்த மாந்துவாப் பக்கத்தில்தான், கி.மு. 70ஆம் ஆண்டு, இலத்தீன் மகாகவி வர்ஜில் பிறந்தார். வர்ஜில் எழுதியது எல்லாம் கார்மென், அதாவது பாட்டு. கார்மெனுக்கு மந்திரம் என்றும் பொருள் உண்டு அல்லவா? பிற்கால மக்கள் வர்ஜிலையே மந்திரவாதி ஆக்கிவிட்டார்கள்! நேப்பிள்ஸ் நகரத்தில் அவர் வெண்கலத்தில் ஓர் ஈ செய்து வைத்தாராம். அதனால் ஊருக்குள் ஈயே வராதாம். ஒரு கோட்டைக்கு அடியில் மந்திர முட்டை வைத்தாராம். முட்டை உடைந்தால் கோட்டை விழுமாம். அந்தக் கோட்டைக்கு இன்றும் "முட்டைக் கோட்டை" என்றே பெயர்.

நன்றாகப் பாடியவருக்குக் கிடைத்த பரிசு அது.

பாம்பைப் பாடி மயக்கிய உம்ப்ரோ

வர்ஜிலின் பெரும் காவியத்தில் உம்ப்ரோ என்று ஒருவர் வருகிறார். இவருடைய கதைதான் இன்றைக்குத் தேவையானது.

பழைய இத்தாலியில் மார்சி என்று ஒரு மலைச் சாதியார் இருந்தார்கள். பாம்பைப் பாட்டால் மயக்குவதிலும், பாம்புக்கடிக்கு மந்திரிப்பதிலும் அவர்கள் பேர்போனவர்கள். அந்த மலைப் பகுதிக்குப் பக்கத்தில் உள்ள கொக்குல்லோ என்ற ஊரில், இன்றைக்கும் மே மாதம் முதல் தேதி, புனிதர் சிலை மீது உயிருள்ள பாம்புகளைப் போர்த்தி ஊர்வலம் விடுகிறார்கள். விஷம் இல்லாத பாம்புகள்தான்.

உம்ப்ரோ மார்சிகளின் பூசாரி. அவர் பாடினால் விரியன் உறங்கும். தொட்டால் கடி ஆறும். போர் வந்தது. உம்ப்ரோவும் போனார். ஒரு ஈட்டி பாய்ந்தது. அத்தனை பாட்டும் மூலிகையும் அந்தக் காயத்துக்கு உதவவில்லை. உம்ப்ரோ இறந்தார்.

மந்திரப் பாட்டு எந்த இடத்தில் நின்றுவிடும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஈட்டிக் காயத்தோடு நிறுத்திக்கொண்டார். உண்மையில் பாம்புக்கடியிலேயே அது நின்றுவிடும்.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத்தான் அது நன்றாக உணரும். மகுடி ஊதும்போது நல்ல பாம்பு ஆடுவது ராகத்துக்காக அல்ல. எதிரே ஆடும் மகுடியையும் கையையும் பார்த்து, எங்கே தாக்க வருகிறதோ என்று தானும் ஆடுகிறது. சங்கீதம் கேட்டு மயங்குகிறவர்கள் சுற்றி நிற்கும் மனிதர்கள். "பாம்புகளை இங்காந்தோ செய்கிறவன்" என்று இத்தாலிக்காரர்கள் சொன்னது தவறு. அவன் இங்காந்தோ செய்வது கூட்டத்தை!

"எங்கள் ஊரில் மந்திரித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். எப்படிப் பிழைத்தார்கள்?

நாட்டில் உள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷம் இல்லாதவை. சாரை கடித்தாலும் தண்ணீர்ப் பாம்பு கடித்தாலும் உயிர் போகாது. விஷப் பாம்பே கடித்தாலும், சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இப்படிப்பட்ட கடிகளில் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார், அடிக்காவிட்டாலும் பிழைப்பார். ஆனால் பெயர் வேப்பிலைக்குப் போய்விடுகிறது. பிழைத்தவர் ஊர் எல்லாம் சொல்கிறார். பிழைக்காதவர் வந்து சொல்வது இல்லை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் சரியாகக் கடித்துவிட்டால் எந்தப் பாட்டும் பலிக்காது. அதிலும் கட்டுவிரியன் பொல்லாதது. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிகூடச் சரியாகத் தெரியாது. காலையில் வயிற்றை வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்பார்கள். "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு மணி நேரம், வேறு ஓர் ஊரில் இன்னொருவரிடம் ஒரு மணி நேரம். உயிர் காக்க வேண்டிய நேரம் பாட்டுக் கேட்பதிலேயே போய்விடும்.

2000ஆம் ஆண்டில் இருந்து 2019ஆம் ஆண்டு வரை, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்தார். வயலில் வேலை செய்கிறவர்கள். வீட்டுக்குச் சோறு போடுகிறவர்கள்.

இத்தனைக்கும் மாற்று மருந்து இல்லாமல் இல்லை. 1890களிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பிறக்கிறது. அதைப் பிரித்து எடுத்து ஊசி மருந்து ஆக்குகிறார்கள். மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் அந்த ஒரே மருந்து.

அந்த விஷம் எங்கே கிடைக்கிறது? செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாடு முழுவதும் உயிர் காக்கும் மருந்துக்கு இந்தத் தமிழர்கள் எடுத்த விஷம் பயன்பட்டிருக்கிறது. பாம்பை உண்மையாக அடக்கியவர்கள் யார் என்று கேட்டால், இவர்களைக் காட்டலாம். கிரேசிமுசின் மண்வெட்டியைப் போல இவர்களிடம் இருப்பது ஒரு கம்பி, ஒரு சாக்கு, காலடித் தடம் பார்க்கும் கண்.

சட்டமும் சும்மா இல்லை. 1954ஆம் ஆண்டே மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று சொல்லி விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. உரோமாபுரிச் சட்டம் மந்திரம் பலிக்கும் என்று பயந்தது. இந்தச் சட்டம், மந்திரம் பலிக்காது என்பதால் வந்தது. ஆனால், கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து வேப்பிலை அடிப்பவர் விளம்பரமா போடுகிறார்? அவருக்கு விளம்பரம் செய்கிறவர்கள் ஊரார்தான்.

அவர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. நள்ளிரவில் பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது. பெற்றவள் பதறுகிறாள். ஆஸ்பத்திரி தூரம். மந்திரிப்பவர் பக்கத்துத் தெருவில். "பயப்படாதே அம்மா" என்று ஒருவர் சொன்னாலே அவளுக்குப் பாதி உயிர் வருகிறது. அந்தத் தைரியமும் ஒரு மருந்துதான். கடிபட்டவர் பதறாமல், ஓடாமல், அசையாமல் இருக்க வேண்டும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. காலையோ கையையோ ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, உடனே கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே மந்திரிப்பவரைத் திட்ட வேண்டாம். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, பெரம்பலூரோ அரியலூரோ எது பக்கமோ அந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் புறப்படலாம். போகும் வழி எல்லாம் அவர் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே வரட்டும். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக்கொண்டால் போதும்.